உடல் எடையைக் குறைக்கும் ஸ்லீவ், இரைப்பை பைபாஸ் ஆபரேஷன்களுக்குப் பிறகு டியூப் இருக்குமா? சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

அடுத்த மாதம் எனக்கு ஸ்லீவ் (எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும்) ஆபரேஷன். தெரிந்த அக்கா ஒருவர் வயிற்றில் டியூபோடு வீடு திரும்பினார். அவருடைய தம்பிக்கு அதே ஆபரேஷன்தான், ஆனால் டியூபே இல்லை. இதில் எது சரி? (அம்மாபேட்டை)

இரண்டுமே சரிதான். உள்ளே தேங்கும் ரத்தத்தையும் நீரையும் வெளியே எடுக்க வைக்கும் டியூப்தான் ட்ரெயின் (drain). முன்பு அநேகமாக எல்லோருக்கும் வைத்தார்கள். லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷனில்) எல்லோருக்கும் வைப்பதால் பெரிய பலன் இல்லை என்று தெரிந்த பிறகு பல சர்ஜன்கள் விட்டுவிட்டார்கள். ரத்தக் கசிவு கூடுதலாக இருந்தாலோ, ஏற்கெனவே இரைப்பையில் ஆபரேஷன் ஆனவராக இருந்தாலோ வைப்பதுண்டு. உங்களுக்கு வைப்பார்களா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கண் விழித்ததும் திடீரென்று பார்த்தால் பயம் வரும்.

யூரின் டியூப் என்றாலே கூச்சமாகவும் பயமாகவும் இருக்கிறது. (சூரமங்கலம்)

கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி. பலர் மனதில் வைத்துக்கொண்டே தவிக்கும் கேள்வி இது. இந்த டியூப் எல்லோருக்கும் தேவைப்படாது. தேவைப்பட்டாலும், பெரும்பாலும் மயக்கம் கொடுத்த பிறகே போடுவதால் போடும்போது தெரியாது. அன்று மாலையோ மறுநாள் காலையோ எடுத்துவிடுவார்கள். நாள் கூடக் கூட கிருமித் தொற்று வரும் வாய்ப்பும் கூடும். எழுந்து நடக்கவும் அது தடை. உள்ளே தண்ணீர் நிரப்பிய சிறு பலூன் இருக்கிறது, அதனால் நீங்களாக இழுக்கவே கூடாது. எடுத்த பிறகு ஓரிரு முறை எரிச்சல் இருக்கும். ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் போகவில்லை, அடிவயிறு கனக்கிறது என்றால் நர்ஸிடம் சொல்லுங்கள். புராஸ்டேட் தொல்லை உள்ள ஆண்கள் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

அம்மாவை ட்ரெயினோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எப்படிக் காலி செய்வது? என்ன நிறம் வந்தால் பயப்பட வேண்டும்? (ஓமலூர்)

முதலில் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். டியூபின் முனையில் நீரை உறிஞ்சிச் சேர்க்கும் பல்பு இருக்கும்; அதன் மூடியைத் திறந்து, அளவு போட்ட கப்பில் ஊற்றுங்கள். அப்புறம் பல்பைக் கையால் நன்றாக அமுக்கி, அமுங்கிய நிலையிலேயே மூடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். கையை எடுத்துவிட்டு மூடினால் அது உறிஞ்சாது. பாதி நிறைந்ததும் காலி செய்யலாம். தேதி, நேரம், எத்தனை மி.லி. என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், எப்போது எடுக்கலாம் என்று சர்ஜன் முடிவெடுக்க அது உதவும். பல்பை ஊக்கு போட்டு உடையில் மாட்டிவிடுங்கள், தொங்கவிட வேண்டாம்.

முதலில் சிவப்பாக இருக்கும், பிறகு வெளிர் சிவப்பு, போகப் போக இளம் மஞ்சள். அளவும் குறைந்துகொண்டே வர வேண்டும். திடீரென்று புது ரத்தம், பச்சை அல்லது பழுப்பு நிறம், சீழ், துர்நாற்றம், அம்மா குடித்த பானத்தின் நிறமே பல்பில் தெரிவது: இதில் எது வந்தாலும் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

இன்னொன்றை நான் எல்லோரிடமும் வலியுறுத்திச் சொல்வேன். ட்ரெயினில் ஒன்றும் வரவில்லை என்பதால் உள்ளே கசிவே (இரைப்பையின் தையல் வழியாக உள்ளிருப்பது வெளியேறுவது) இல்லை என்று நினைக்காதீர்கள். டியூப் அடைத்திருக்கலாம், கசிவு வேறு பக்கம் தேங்கலாம். ஸ்லீவில் ட்ரெயினை எடுத்து வீட்டுக்கு வந்த பிறகும் கசிவு தெரியவருவதுண்டு. அதனால் பல்பைவிட நாடியைப் பாருங்கள். அமைதியாகப் படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் சர்ஜனுக்குப் போன் செய்யுங்கள். 120-ஐத் தொட்டால் காத்திருக்காமல் கிளம்புங்கள். காய்ச்சல், மூச்சு வாங்குதல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி இருந்தாலும் அப்படியே. தோள்பட்டை வலி, லேப்ராஸ்கோப்பிக்காக ஏற்றிய வாயுவாலும் வரும். அது நடக்க நடக்க, நாளுக்கு நாள் குறையும். குறையாமல் நாடியும் ஏறினால் வாயு என்று விட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்தத்துக்குச் சில மாத்திரைகள் சாப்பிடுபவருக்கு நாடி ஏறாமலே இருக்கலாம், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீடு ஏற்காட்டில். ட்ரெயினோடு மலை ஏறலாமா? (நாகலூர்)

சேலத்தில் உறவினர் வீடு இருந்தால், ட்ரெயின் எடுக்கும் வரை கீழேயே தங்குங்கள் என்பேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல் வருவது சகஜம், புதுத் தையலோடு வாந்தி எடுக்க வேண்டாம். அதைவிட முக்கியம், நள்ளிரவில் நாடி ஏறினால் மலையிலிருந்து இறங்கும் நேரம் உங்களுக்கு எதிராகப் போகும். போயே ஆக வேண்டுமென்றால் வாந்தி மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன் சீட்டில் உட்காருங்கள், பெல்ட் டியூபை அழுத்தாமல் பாருங்கள். நீண்ட பயணமானால் மணிக்கொரு முறை இறங்கி நடங்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்க இது அவசியம்.

எடுக்கும்போது வலிக்குமா? எப்போது குளிக்கலாம்? (ஆத்தூர்)

சில நொடிகள் இழுப்பது போல இருக்கும், அவ்வளவுதான். துளையில் ஓரிரு நாள் மஞ்சள் நீர் கசியலாம், கட்டு போட்டால் போதும். டியூப் இருக்கும்போது உடம்பைத் துடைத்துக்கொள்ளுங்கள். கிணற்றிலோ காவிரியிலோ முங்கிக் குளிப்பதை, புண் ஆறிவிட்டது என்று சர்ஜன் பார்த்துச் சொன்ன பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.