சீட்டா வேட்டைய நேர்ல பாக்கணுமா?

கேள்வி: கென்யால மசாய் மாரா சஃபாரி போறோம். சீட்டா வேட்டைய பாக்க முடியுமா? டிரைவர கிட்டக்க போகச் சொல்லலாமா?

பதில்: பாக்கலாம்ங்க, சீட்டா பெரும்பாலும் பகல்லதான் வேட்டையாடும், அதனால விடியும்போதே கிளம்பிடுங்க. கரையான் புத்து மேல ஏறி நின்னு சுத்திப் பாத்துட்டிருந்தா அநேகமா இரை தேடுதுன்னு அர்த்தம், அப்பவே எஞ்சின ஆஃப் பண்ணிட்டு தூரத்துலயே காத்திருக்கணும். துரத்துறது ஒரு நிமிஷம்கூட இருக்காது, மணிக்கு 100 கிலோமீட்டர் கிட்ட ஓடி, முன்னங்கால் நகத்தால மான இடறிவிட்டு தொண்டையக் கவ்விடும், அப்புறம் பாவம், சாப்பிடக்கூட முடியாம மூச்சு வாங்கிட்டு கெடக்கும், அந்த நேரத்துல கழுதைப்புலி வந்துட்டா இரைய விட்டுட்டுப் போயிடும். நம்ம வண்டிங்க சுத்தி நெருக்கினா வேட்டையே கெட்டுடும், குட்டிங்க பட்டினி கெடக்கும். தயவுசெஞ்சு கிட்டக்க போகச் சொல்லாதீங்க, நல்ல பைனாகுலர் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.