கல்லும் மலைச்சிகரமும் கப்பர்நகூமும் – கடிதம்

ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் வீட்டுக்கூட்டத்தில் ஆண்களும் பெண்களுமாக ஒன்பது பேர். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கூடுகிறோம். நடத்துவது நான். ‘சோதனை, புறக்கணிப்பு, உண்மையாயிருத்தல்’ என்று மூன்று வாரப் பாடம் வைத்து லூக்கா 4-ஆம் அதிகாரத்தை எடுத்தேன் (வனாந்தரத்தில் பிசாசு இயேசுவைச் சோதிப்பதும், சொந்த ஊரான நாசரேத்து அவரைத் தள்ளுவதும், பிறகு அவர் கப்பர்நகூம் ஊருக்குப் போவதும் அதில் வருகின்றன). முதல் வாரம் எல்லாரும் கடன், வியாதி, பிள்ளையின் நீட் தேர்வு என்று அவரவர் கஷ்டத்தைச் சொன்னார்கள். வேதம் திறந்தபடியே கிடந்தது. ஒரு பிரதர் மட்டும் இருபத்தைந்து நிமிடம் பிரசங்கமே செய்துவிட்டார். இரண்டாம் வாரம் ஒரு சகோதரி, ஞானஸ்நானம் எடுத்ததால் மாமியார் வீட்டில் தன்னை ஒதுக்குகிறார்கள் என்று அழுதார். ஆளுக்கொரு வசனம் சொல்லித் தேற்றினோம். அடுத்த வாரம் அவர் வரவில்லை, மூன்றாம் பாடத்தையும் தொடங்கவில்லை. எங்கே தவறினேன்? மூன்றாம் வாரப் பாடத்துக்கு எந்தப் பகுதியை எடுக்கலாம், யோபுவா தானியேலா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

முதல் வாரத்தைக் கெடுத்தது ‘சோதனை’ என்ற சொல். நம் சபைத் தமிழில் காய்ச்சலும் சோதனை, கடனும் சோதனை, மருமகள் பேசாமல் இருப்பதும் சோதனை. ஆதியாகமம் 22:1-இல் தேவன் ஆபிரகாமைச் சோதித்தார் என்று வாசிக்கிறோம். யாக்கோபு 1:13 தேவன் ஒருவனையும் சோதிக்கிறவரல்ல என்கிறது. பரீட்சிப்பது, பொல்லாப்புக்கு இழுப்பது ஆகிய இரண்டையும் கிரேக்கமும் ஒரே சொல்லில் அடக்குவதால் பழி முழுக்கத் தமிழுடையது அல்ல. ஆகவே “உங்கள் சோதனை என்ன?” என்று தொடங்கினால் கஷ்டங்களின் பட்டியல்தான் வரும். யாராவது கடனைச் சொன்னால் இப்படிக் கேளுங்கள்: “அந்தக் கடன் உங்களை எதைச் செய்யச் சொல்லி இழுக்கிறது?” கடன் ஒரு பாரம். கடன் கொடுத்தவரைக் கண்டதும் பிள்ளையை அனுப்பி “அப்பா வீட்டில் இல்லை” என்று சொல்லவைப்பதுதான் இந்த அதிகாரம் பேசும் சோதனை.

ஆனால் அதை முதலில் கேட்க வேண்டாம். வாசிப்பை 4:1-இல் தொடங்காமல் 3:21-22-இல் தொடங்குங்கள். இயேசுவின் ஞானஸ்நானத்தில் வானத்திலிருந்து வந்த “நீர் என்னுடைய நேசகுமாரன்” என்ற சத்தம் காதில் விழுந்த பிறகுதான் “நீர் தேவனுடைய குமாரனேயானால்” என்று பிசாசு சொல்வதன் குத்தல் புரியும். இடையில் உள்ள வம்ச அட்டவணையை வாசிக்க வேண்டாம். அது ஆதாமில் போய் முடிகிறது என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுங்கள். ஆதாம் விழுந்ததும் உணவு விஷயத்தில்தான்.

மொத்தம் எழுபத்தைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பகுதியை இரண்டு குரல்களில் இரண்டு தரம் வாசிக்கப் பத்து நிமிடம், வசனத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்க இருபத்தைந்து, அதன் பொருளுக்கு இருபது, நம் வாழ்வுக்குப் பத்து, ஜெபத்துக்குப் பத்து. பெரும்பாலான குழுக்கள் இரண்டாவது கட்டத்தை ஐந்தே நிமிடத்தில் தாண்டிவிடும். பிரசங்கம் நுழைவது அந்த இடைவெளியில்தான். மூன்று துண்டுச் சீட்டுகளில் உபாகமம் 8:2-3, உபாகமம் 6:10-16, சங்கீதம் 91:11-13 என்று எழுதி முன்கூட்டியே மூன்று பேரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் பிரசங்க பிரதருக்கும் ஒரு சீட்டு கொடுங்கள். அவரை எதிரே உட்காரவிடாமல் உங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். கண்ணுக்குக் கண் பார்க்கும் இடத்தில் இருப்பவர்தான் அதிகம் பேசுவார். பேச்சு நீண்டால் “பிரதர், அது எந்த வசனத்தில் இருக்கிறது?” என்று ஒரே கேள்வி போதும். கேள்வி கேட்ட பிறகு மௌனம் வந்தால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நீங்களே பதில் சொல்லிவிட்டால் அன்று இரவு முழுக்க நீங்களே சொல்லவேண்டியதுதான்.

சீட்டுகள் வாசிக்கப்படும்போது இரண்டு விஷயங்களைக் குழுவே கண்டுபிடிக்கட்டும். இயேசுவின் மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து, இஸ்ரவேல் வனாந்தரத்தில் நாற்பது வருஷம் நடந்ததை நினைவூட்டும் பகுதிகளிலிருந்து வருகின்றன. இது ஒன்று. மற்றது, பிசாசும் வசனம் சொல்கிறான் என்பது. நம் வீட்டுச் சுவர்களில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் 91-ஆம் சங்கீதத்தையே அவன் எடுக்கிறான். யாராவது முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். சங்கீதத்தில் ‘உன் வழிகளிலெல்லாம்’ என்று இருப்பது லூக்காவில் அவன் வாயில் வரவில்லை. பாம்பை மிதிப்பதைப் பற்றிய அடுத்த வசனத்துக்கும் அவன் போகவில்லை!

கல்லை அப்பமாக்கச் சொல்லும் முதல் சோதனையில் நேரம் செலவழியுங்கள். பசித்தவன் அப்பம் சாப்பிடுவது பாவமா? இல்லை. இயேசு தமக்கிருக்கும் வல்லமையைத் தமக்காகவே எடுத்துக்கொள்ளும்படிதான் பிசாசு கேட்கிறான். இதைப் பிடித்துக்கொண்டால் சோதனை என்றாலே குடியும் காமமும் என்ற நினைப்பு போகும். பதவியில் இருக்கும் மூப்பருக்கும், பீஸ் வாங்கும் டாக்டருக்கும், ஓட்டு வைத்திருக்கும் சபையாருக்கும் கேள்வி பொருந்தும். ஆனால் அந்தரங்கமான அறிக்கையை ஆண்களும் பெண்களும் கலந்த கூட்டத்தில் கேட்காதீர்கள். கடைசிப் பத்து நிமிடம் ஆண் ஆணோடும் பெண் பெண்ணோடும் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து பேசட்டும்.

நாசரேத்துப் பகுதியில் எல்லாக் குழுக்களும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: எல்லாரும் தங்களை இயேசுவின் பக்கம் வைத்துக்கொள்கிறார்கள். 22-ஆம் வசனம் வரை நாசரேத்து ஊரார் அவருக்கு நற்சாட்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோபம் மூண்டது, எலியா சாறிபாத் ஊர் விதவையிடம் அனுப்பப்பட்டதையும் எலிசாவின் காலத்தில் சீரியனாகிய நாகமான் குஷ்டம் நீங்கியதையும் இயேசு சொல்லும் 25 முதல் 27 வரையுள்ள வசனங்களுக்குப் பிறகு. பெயர்கள் தெரியாததால் குழுக்கள் அவற்றை ஓட்டமாக வாசித்துவிடும். 1 இராஜாக்கள் 17:8-16, 2 இராஜாக்கள் 5:1-14 இரண்டையும் வீட்டிலேயே வாசித்துவரச் சொல்லுங்கள். சாறிபாத் சீதோனைச் சேர்ந்த ஊர், எலியாவின் விரோதியான ராணி யேசபேலின் தகப்பன் ஆண்ட நாடு. நாகமான் எதிரிப் படையின் தளபதி. கிருபை நமக்கு வருமுன் அவர்களிடம் போனது என்று சொன்னதும் சொந்த ஊர்க்காரர்கள் இயேசுவைத் தள்ளிவிட மலைச்சிகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே முதல் கேள்வி நாசரேத்தின் பெஞ்சிலிருந்து வரட்டும்: “யாருக்கு ஆசீர்வாதம் போனால் நமக்குக் கோபம் வரும்?” நம் சபைகளில் இந்தக் கேள்வி நேராக அடுத்த தெருவுக்கும், கல்யாணப் பேச்சில் விசாரிக்கும் சாதிக்கும் போகும். அதைத் திருப்பிவிடாதீர்கள்.

“உன்னைத்தானே குணமாக்கிக்கொள்” என்று அவர்கள் சொல்வார்கள் என்று இயேசு 23-ஆம் வசனத்தில் சொல்வதைக் கல்-அப்பம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு லூக்கா 23:35-39-க்குப் போங்கள். சிலுவையின் கீழே அதிகாரிகள், போர்ச்சேவகர், பக்கத்துச் சிலுவையில் தொங்கியவன் என மூன்று தரப்பும் உன்னை இரட்சித்துக்கொள் என்ற அதே பேச்சைத் திரும்பச் சொல்கின்றன. பிசாசு “சிலகாலம்” விலகிப்போனான் என்று 4:13 சொல்வதற்கு அங்கேதான் முழு அர்த்தம்.

மூன்றாம் வாரத்துக்கு யோபுவும் வேண்டாம், தானியேலும் வேண்டாம். சிங்கக் கெபியில் தொடங்கினால் உண்மையாயிருத்தல் என்பது வீரச்செயல் என்று ஆகிவிடும். அதே அதிகாரத்தில் 31 முதல் 44 வரை எடுங்கள். கொலை செய்யப் பார்த்தவர்களிடமிருந்து கடந்துபோனவர் அடுத்து என்ன செய்கிறார்? கப்பர்நகூமில் ஓய்வுநாளில் போதிக்கிறார். 16-ஆம் வசனத்தில் ‘வழக்கத்தின்படியே’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதைக் கோடிடச் சொல்லுங்கள். 42-ஆம் வசனத்தில் கப்பர்நகூம் ஜனங்கள் அவரைப் போகவிடாமல் நிறுத்தப் பார்க்கிறார்கள். ஓர் ஊர் தள்ளியது, ஓர் ஊர் பிடித்துவைத்தது. தள்ளிய ஊரிலும் அவர் நிற்கவில்லை, பிடித்துவைத்த ஊரிலும் நிற்கவில்லை. “இதற்காகவே அனுப்பப்பட்டேன்” என்று அடுத்த ஊருக்குப் போகிறார். பாராட்டும் ஒரு சோதனையா என்று இங்கே கேளுங்கள். ஊழியத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் நெளிவார்கள்.

இனி அந்தச் சகோதரி. மற்ற எல்லாரும் ஆளுக்கொரு வசனம் சொன்னது தேறுதல் ஆகாது. இயேசுவையே தள்ளினார்கள், நாம் எம்மாத்திரம் என்ற வாக்கியம் வாயை அடைப்பதற்குத்தான் உதவும். அழுகிறவர் முடிக்கும்வரை கேட்டு, “இன்று நாங்கள் என்ன செய்யட்டும்?” என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அவர் சொன்னது ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப்பில் போயிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். நம்மிடம் ஊர்வம்பு பயணப்படுவது பெரும்பாலும் அந்த வாகனத்தில்தான். இங்கே பேசுவது இங்கேயே நிற்கும் என்பதை ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒதுக்குவதோடு அடியும் இருந்தால் அது வேதபாட விஷயம் அல்ல. 30-ஆம் வசனத்தில் இயேசுவும் நின்று அடிவாங்கவில்லை, நடுவினின்று கடந்துபோனார். மகளிர் உதவி எண் 181 என்பதை அவருக்குச் சொல்லிவையுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே நீங்களும் இன்னொரு பெண்ணுமாக இருவர் மட்டும் அவரைப் போய்ப் பாருங்கள். மாமியார் வீட்டில் ஆள் இல்லாத நேரமா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். கையில் வேதாகமம் வேண்டாம். விட்டுப்போன பாடத்தையும் அங்கே சொல்லித்தர வேண்டாம்.