புற்றுநோய்ச் செல்லைப் படிக்க விரும்பும் மகளுக்கு இயற்பியல் எதற்கு?

ஏற்காட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மையாருக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கு டிராஸ்டுசுமாப் மருந்து ஏற்றிக்கொள்ளும் பெரியம்மாவுக்குத் துணையாக இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வந்துபோன உங்கள் மகள், மருத்துவம் வேண்டாம், அந்தச் செல் எப்படி இடம்விட்டு இடம் நகர்கிறது என்பதைத்தான் படிப்பேன் என்று பிளஸ் ஒன்னிலேயே சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இது பிழைப்புக்கு ஆகுமா என்பது உங்கள் முதல் கேள்வி. உயிரியல்தானே, கணிதத்தையும் இயற்பியலையும் தேர்ச்சி பெறும் அளவுக்குப் படித்தால் போதாதா என்பது இரண்டாவது. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன்.

பெரியம்மாவுக்கு ஏற்றிய மருந்து, செல்லின் மேற்பரப்பில் வெளிச் செய்திகளை வாங்கும் புரதமான ஹெர்2 என்ற ஏற்பியைப் பிடிக்கிறது. பொதுவாக இவ்வகை ஏற்பிகள், வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும் இரண்டிரண்டாகச் சேர்ந்து, செல்லுக்குள் நீண்டிருக்கும் வால்களில் பாஸ்பேட்டை ஏற்றிச் செய்தியை உள்ளே அனுப்புகின்றன. ஹெர்2 அப்படிக் காத்திருப்பதில்லை; எப்போதும் ஜோடி சேர ஆயத்தமாகவே இருக்கிறது. ஆகவே அதன் எண்ணிக்கை மிகுந்துவிட்டால், மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டில் அப்படித்தான் மிகுகிறது, யாரும் அழைக்காமலேயே செய்தி போய்க்கொண்டிருக்கும். அச்செய்தியின் ஒரு கிளை செல்லைப் பிளவுபடச் சொல்கிறது. இன்னொரு கிளை ராக், ரோ போன்ற புரதங்களின் வழியாகச் செல்லின் சட்டகத்துக்குப் போகிறது.

கட்டட வேலையில் சவுக்குக் கம்புச் சாரத்தை ஒரு பக்கம் பிரித்து மறுபக்கம் கட்டிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். செல்லின் சட்டகத்தில் உள்ள, ஏறத்தாழ 7 நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்டின் என்ற புரத இழைகளும் அப்படித்தான்: கோஃபிலின் என்ற புரதம் பழைய இழையைத் துண்டிக்கிறது, ஆர்ப்2/3 என்ற புரதக் கூட்டு பக்கவாட்டில் புதுக் கிளை எழுப்புகிறது, அந்தக் கிளைகள் செல்லின் முன்விளிம்பை உந்தித் தள்ள, பின்பகுதி சுருங்கி இழுபட்டு வருகிறது. எவ்வளவு விசைக்குச் சவ்வு வளைகிறது, இழை எந்த வேகத்தில் வளர்கிறது, சுற்றியுள்ள திசு எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பவை எல்லாம் இயற்பியலும் கணிதமுமே. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் அவள் படிப்பது நல்லதாயிற்று. அதைக் கைநழுவ விடாதீர்கள்.

இந்த ஆய்வின் அன்றாடம் எப்படி இருக்கும் என்பதையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். எம்டிஏ-எம்பி-231 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்களைத் தட்டில் நெருக்கமாக வளர்த்து, பிப்பெட் முனையால் ஒரு கோடு கீறி, 37 டிகிரி வெப்பத்தில் வைத்து, அக்கீறலைச் செல்கள் எவ்வளவு நேரத்தில் மூடுகின்றன என்று மணிக்கணக்கில் படமெடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையும் செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும். ஒருநாள் பூஞ்சை புகுந்தால் ஒரு மாத வேலை குப்பைத் தொட்டிக்குப் போகும். மருத்துவர் ஆகாத ஏமாற்றத்துக்கு மாற்றாக இத்துறைக்கு வருபவர்கள் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள் என்பது என் அனுபவம்.

எந்தப் பட்டம் என்பதில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். கவர்ச்சியான பெயருள்ள ஒரு படிப்பை நம்பி ஒரு மாணவியைத் தனியார் கல்லூரி ஒன்றில் சேரச் சொன்னேன். மூன்று ஆண்டுகளில் செல் வளர்ப்பு அறையைக் கண்ணாடி வழியே பார்த்ததோடு அவர் திரும்பினார். அதன்பிறகு பெயரை நான் பார்ப்பதில்லை. செல் வளர்ப்பு அறைக்குள் போய், செல்களை வளர்க்கத் தேவையான கார்பன் டை ஆக்சைடு உருளையின் அளவுமானியில் முள் ஏறியிருக்கிறதா, பதிவேட்டில் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். உயிர்வேதியியல், விலங்கியல் போன்ற சாதாரணப் பெயருள்ள பி.எஸ்சி.யே போதும். ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்புக்கான நுழைவுத் தேர்விலோ உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சம எண்ணிக்கையில் கேள்விகள் வருகின்றன. திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்கு எட்டும் தொலைவில் இருப்பவை.

இனி பிழைப்பு. முதுநிலைக்குப்பின், அறிவியல் ஆய்வுக்கான தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால், 2023 முதல் உள்ள விகிதப்படி மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுகளுக்குப்பின் 42,000 ரூபாயும் கிடைக்கும். முனைவர் பட்டத்துக்கு மேலும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பிளஸ் டூ முடித்ததிலிருந்து கணக்கிட்டால் நிலையான வேலைக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

அவ்வளவு காலம் குடும்பம் தாங்காது என்றால், மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டம் இருக்கிறது. நோய்க்குறியியல் ஆய்வகத்தில் திசுவைச் சாயமேற்றி, ஹெர்2 அளவை 0 முதல் 3+ வரை மருத்துவர் மதிப்பிடுவதற்குத் தயார் செய்யும் வேலையும் இதே ஏற்பியைச் சுற்றியதுதான். பெரியம்மாவின் சிகிச்சையும் அப்படியொரு கண்ணாடித் தகட்டிலிருந்து தொடங்கியிருக்கும். எத்தனை ஆண்டுகள் உங்களால் பொறுக்க முடியும் என்பதை வீட்டில் கலந்து பேசிவிட்டு, அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அவளுடைய இயற்பியல் பாடநூலையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.