மலேசியாவுல, பினாங்கு ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதிக்கு டி.ஏ.பி. கட்சி ராயர்தான் முதல் தமிழ் எம்.பி.யா? அவருக்கு முன்னாடி யாரெல்லாம் இருந்தாங்க?

இல்லங்க, ராயர் முதல் ஆள் இல்ல. எங்க வீட்டுப் பிள்ளைங்ககூட அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தாங்க, அதான் இதை உக்காந்து எழுதுறேன்.

1974ல ஜெலுத்தோங் மொதல் தடவையா ஓட்டுக்கு வந்தப்பவே ஜெயிச்சவரு பேரு ராசையா ராஜசிங்கம். ஆளுங்கூட்டணியில இருந்த கெராக்கான் கட்சி, கூட்டணியோட தராசு சின்னம். பேரே சொல்லுதுல்ல? பினாங்குத் தமிழர்லயே பாதிப் பேருக்கு இப்ப இந்தப் பேரு தெரியல, எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

1978ல அவரத் தோக்கடிச்சி உள்ள வந்தவருதான் கர்ப்பால் சிங். ராக்கெட்டு, அது டி.ஏ.பி. கட்சியோட சின்னம், கட்சியையே நாங்க அப்படித்தான் சொல்லுவோம். அதுக்கப்புறம் 82, 86, 90, 95னு வரிசையா ஜெயிச்சாரு, மொத்தம் அஞ்சு தடவை. நடுவுல 1987ல, அரசாங்கம் நிறைய பேர மொத்தமா புடிச்ச லாலாங் கைதுல, விசாரணை இல்லாம உள்ள வைக்கிற ஐ.எஸ்.ஏ. சட்டத்துல புடிச்சி கமுந்திங் தடுப்பு முகாம்ல வச்சாங்க, ஒரு வருசத்துக்கு மேல உள்ள இருந்தாரு, இருந்தும் தொகுதி அவர விடல. 'ஜெலுத்தோங் புலி'ங்கிற பேரு எப்படி வந்துச்சின்னா, நாடாளுமன்றத்துல ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவரு சாமிவேலு தன்னைச் சிங்கம்னு சொல்லிக்க, இவரு, நீ சிங்கமாவே இருந்துக்கோ நான் புலி, மலேசியாவுல சிங்கம் கெடையாதுன்னு திருப்பிக் குடுத்தாராம், அப்படியே ஒட்டிக்கிச்சி.

இதுல நான் முக்கியமா சொல்ல நெனக்கிறது என்னன்னா, ஜெலுத்தோங் சீனவங்க அதிகமா இருக்கிற தொகுதி. நம்மாளுங்க ஓட்டு மட்டும் வச்சி இங்க யாரும் ஜெயிக்க முடியாது. அப்படிப்பட்ட எடத்துல 1974லேருந்து 1999 வரைக்கும், முழுசா 25 வருசம், மொதல்ல ஒரு தமிழரு, அப்புறம் ஒரு பஞ்சாபி. ஆளுங்கட்சி எதிர்க்கட்சி ரெண்டு பக்கமும் இந்திய வேட்பாளர நிறுத்தி ஜெயிச்சிருக்கு. நம்ம பேருக்கு அவங்க ஓட்டுப் போடமாட்டாங்கன்னு சொல்ற ஆளுங்கக்கிட்ட நான் இதைத்தான் காட்டுவேன்.

95 தேர்தல் பினாங்குல ராக்கெட்டுக்கு ரொம்ப மோசமான தேர்தல். அதுக்கு முந்தின தடவை சட்டமன்றத்துல 14 சீட்டு வச்சிருந்தவங்க ஒரே ஒரு சீட்டுக்கு வந்துட்டாங்க, அப்பவும் கர்ப்பால் ஜெலுத்தோங்க புடிச்சி வச்சிக்கிட்டாரு. அவ்வளவு பெரிய அலையில தப்பிச்சவரு 1999ல தோத்துட்டாரு.

அந்த ராத்திரி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எங்கப்பா துறைமுகத்துல வேலை, தேர்தல் வந்தா ராக்கெட்டுக்கு ஏஜெண்டா பள்ளிக்கூடத்துல போயி உக்காந்துடுவாரு. ஒரு வகுப்புதான் ஒரு சாலுரான், அதாவது ஓட்டுப் போட்டு எண்ணுற அறை, எண்ணுறவங்க ஒவ்வொரு சீட்டா விரிச்சிக் காட்டக் காட்ட இவரு பேனாவால நாலு கோடு போட்டு அஞ்சாவதைக் குறுக்கால இழுத்து இழுத்துக் கணக்கு வச்சிக்கிட்டே இருப்பாரு. முடிஞ்சதும் ஓட்டுக் கணக்கு எழுதுற பாரம், போராங் 14ல கையெழுத்துப் போட்டு அந்தக் காப்பிய நாலா மடிச்சிச் சட்டைப் பையில வச்சிக்கிட்டு வருவாரு. அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்ப அந்தக் காகிதம் வேர்வையில நனைஞ்சி மை கலங்கிப் போயிருந்துச்சி. "நம்ம கிளாஸ்ல ஜெயிச்சிட்டோம்"னாரு, அவ்வளவுதான், சாப்பாட்டத் தொடல. மொத்தத் தொகுதியிலயும் ஆயிரம் ஓட்டுகூட வித்தியாசம் இல்ல, கெராக்கானோட லீ கா சூன் ஜெயிச்சிட்டாரு. ராக்கெட்டோட பெரிய தலைவரு லிம் கிட் சியாங்கும் அதே தேர்தல்ல புக்கிட் பெண்டேரால தோத்தாரு.

காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். துணைப் பிரதமரா இருந்த அன்வார நீக்கினதுக்கப்புறம் எதிர்க்கட்சிங்க ஒண்ணு சேந்தாங்க, ராக்கெட்டும் இஸ்லாமியக் கட்சியான பாஸும் ஒரே கூட்டணி. இஸ்லாமிய நாடு வந்துடும்னு சீனவங்க பயந்துட்டாங்க. இஸ்லாமிய நாடு என் பொணத்து மேலதான் வரும்னு வெளிப்படையா சொன்ன மனுசனே கர்ப்பால்தான், அவருதான் அதுக்கு வெல குடுத்தாரு. இது அநியாயம்னுதான் நான் இன்னிக்கும் நெனக்கிறேன்.

2004லயும் லீ கா சூன்தான். கர்ப்பால் அந்தத் தடவை பக்கத்துத் தொகுதி புக்கிட் கெலுகோருக்குப் போயிட்டாரு, அங்க ஜெயிச்சாரு. 2014 ஏப்ரல்ல அந்தக் கார் விபத்துல இறந்தப்ப அவரு புக்கிட் கெலுகோர் எம்.பி., ஜெலுத்தோங் இல்ல, இதையும் நிறைய பேரு மாத்திச் சொல்றாங்க. 2008 எதிர்க்கட்சி அலையில ஜெலுத்தோங் திரும்ப ராக்கெட்டுக்கு வந்துச்சி, ஜெஃப் ஊய், 2013லயும் அவருதான்.

ராயர் வந்தது 2018ல. அதுக்கு முன்னாடி ஸ்ரீ டெலிமா சட்டமன்ற உறுப்பினரா ரெண்டு தவணை இருந்தவரு, 2022லயும் ஜெயிச்சாரு.

2018ல ஒரு விசயம். அந்தத் தடவை தீபகற்பத்துல பக்காத்தான் கூட்டணிக் கட்சிங்க எல்லாம் அன்வாரோட கெஅடிலான் கட்சியோட கண்ணுச் சின்னத்துலதான் நின்னாங்க, ராயரும் அப்படித்தான். எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, 78லேருந்து ராக்கெட்டுப் படத்தப் பாத்தே குத்திப் பழகினவங்க. கெளம்புறதுக்கு முன்னாடி வீட்டுலயே துண்டுச் சீட்டக் காட்டிக் காட்டிச் சொல்லிக் குடுத்துதான் கூட்டிட்டுப் போனேன். அப்படியும் வெளிய வந்து வெரல்ல மையோட நின்னுக்கிட்டு எங்கிட்ட கேட்டாங்க, "ஏம்பா, ராக்கெட்டே இல்லையே, அந்த நீலக் கண்ணுலதான் போட்டேன், சரிதானே?"