ரத்தம் தொடும் பரப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அப்பாவுக்கு இதயத்தில் உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். ரத்தம் உறையாத பொருளிலேயே செய்துவிட்டால் ரத்த உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை தேவைப்படாதே?

பதில்: அப்படியொரு பொருள் இதுவரை யார் கையிலும் இல்லை. எந்தப் பரப்பு ரத்தத்தில் நனைந்தாலும் சில நொடிகளில் புரதங்கள் படிந்துவிடும். பின்னால் வரும் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகள்) தொடுவது அந்தப் புரதப் படலத்தைத்தான். அல்புமின் படிந்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை. ஃபைப்ரினோஜென் படிந்து உருமாறினால் தட்டணுக்கள் வந்து பற்றிக்கொள்ளும். முதலில் படிந்த புரதத்தை இன்னொன்று தள்ளிவிட்டு உட்காருவதும் உண்டு. லியோ வ்ரோமன் கண்டறிந்த இதை அவர் பெயராலேயே 'வ்ரோமன் விளைவு' என்கிறோம்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வைப் பாருங்கள். கூடு கோபால்ட் கலவை, உள்ளே அசையும் தட்டு பாலிஎத்திலீன், சுற்றித் தைக்கும் வளையம் பாலியெஸ்டர் துணி. துணிக்குள் திசு வளர்ந்து பிடிக்க வேண்டும். தட்டின்மேல் எதுவும் வளரவே கூடாது. இரண்டையும் ஒரே பரப்பு செய்யாது. கூடவே, வால்வின் இடுக்குகளில் ரத்தம் சற்றே தேங்கினாலும் உறைகட்டி உருவாகலாம். ஆகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: டயாலிசிஸின்போது ஒவ்வொரு முறையும் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஏற்றுகிறார்கள். குழாயிலேயே பூசிவிடக் கூடாதா?

பதில்: பூசலாம், பூசிய கருவிகளும் உண்டு. சிக்கல் ஒட்டும் விதத்தில் இருக்கிறது. ஹெப்பாரின் சங்கிலி பரப்பில் படுத்துக் கிடந்தால் பயனில்லை. ஒரு முனை மட்டும் ஒட்டி, மறுமுனை ரத்தத்துக்குள் நீட்டியிருந்தால்தான் உறைதலைத் தடுக்கும் ரத்தப் புரதமான ஆன்டித்ராம்பின் அதைப் பற்ற முடியும். டயாலிசிஸ் முடிந்ததும் வடிகட்டியின் இரு முனைகளையும் கவனியுங்கள்: வெளுத்த இழைகளுக்கு நடுவே கருஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அந்த இழைகள் அடைத்துவிட்டன என்று பொருள். அதை டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு ஹெப்பாரின் குறைத்தோ இல்லாமலோ செய்யும் வழிகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேட்கலாம்.

கேள்வி: இதய ரத்தநாளத்தில் மருந்து பூசிய ஸ்டென்ட் (நாளத்தைத் திறந்து வைக்கும் கம்பிவலைக் குழாய்) வைத்திருக்கிறேன். பல் பிடுங்க வேண்டும், தட்டணுக்கள் கூடாமலிருக்கத் தந்த இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தலாமா?

பதில்: இதய மருத்துவரைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள். 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து ஸ்டென்டில் சிரோலிமஸ் இருந்தது. நாளத்துத் தசைச் செல்கள் பெருகி மீண்டும் அடைக்காமல் அது தடுத்தது. ஆனால் அதே மருந்து, உலோகக் கம்பிகளை மூடவேண்டிய, நாளத்தின் உட்சுவரில் உள்ள உள்வரிச் செல்களின் வளர்ச்சியையும் தாமதப்படுத்தியது. மூடாத கம்பியில் தட்டணுக்கள் கூடும். அந்த இடைவெளியைக் காப்பவைதான் இந்த மாத்திரைகள். புதிய ஸ்டென்ட்களில் பூச்சு மேம்பட்டிருக்கிறது, எச்சரிக்கை மட்டும் மாறவில்லை.

கேள்வி: பல் இம்ப்ளான்டின் டைட்டானியத்தை வேண்டுமென்றே சொரசொரப்பாக்குகிறார்களாமே?

பதில்: ஆமாம். எலும்புச் செல்களுக்கு அதுவே பிடிக்கும். துகள்களை வேகமாக வீசி, அமிலத்தில் அரித்து, மைக்ரான் அளவில் குழிகள் உண்டாக்குகிறார்கள்.

கேள்வி: முதுகலை மாணவி. பாலிஎத்திலீன் கிளைக்கால் (PEG என்னும் பாலிமர்) பூசியதும் நீர்த்தொடு கோணம் (பரப்பில் நீர்த்துளி உட்காரும் கோணம்) நன்றாகக் குறைந்தது. ரத்தத்துக்கு ஒத்துப்போகும் என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். நீர் விரும்பும் பரப்பு என்பதை மட்டுமே அந்தக் கோணம் சொல்லும். கிளைக்கால் புரதங்களை விலக்கும், உண்மைதான். உடலுக்குள் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதையவும் செய்யும். செல்களும் ஒட்டாது, அவை வேண்டுமென்றால் செல்கள் பற்றிக்கொள்ளும் சிறு புரதத் துண்டான ஆர்.ஜி.டி. பெப்டைடு போன்ற ஒன்றைச் சங்கிலி முனையில் சேர்க்க வேண்டும். மருத்துவக் கருவிகள் ரத்தத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று சோதிப்பதற்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 10993-4-ஐ எடுத்துப் படியுங்கள். தட்டணு ஒட்டுதல், உறைதல், காம்ப்ளிமென்ட் (ரத்தத்தின் நோயெதிர்ப்புப் புரதங்கள்) தூண்டல், சிவப்பணுச் சிதைவு நான்கையும் புதிய மனித ரத்தத்தில் பாருங்கள். முடிந்தால் தேங்கிய ரத்தத்தோடு ஓடும் ரத்தத்திலும் செய்யுங்கள். இரண்டும் ஒரே முடிவைத் தருவதில்லை.