டாக்டர் பதில்கள்: பெருந்தமனி வீக்கம் ரத்தத்தில் தெரியுமா?

கேள்வி: என் பெரியப்பா போன ஆடியில் வயிற்றுப் பெருந்தமனி வெடித்து இறந்துபோனார். அப்பாவுக்கு 66 வயது. பல வருடமாகப் பீடி குடிக்கிறார். டி-டைமர் ரத்தப் பரிசோதனை செய்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்கிறார்கள், பக்கத்து லேப்பில். செய்யலாமா?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: வேண்டாம் அம்மா. பயந்திருப்பவர்களிடம் இப்படிப் பரிசோதனை விற்பதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. அப்பாவுக்குத் தேவை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், அதைத் தள்ளிப்போடாதீர்கள். கூடப்பிறந்தவருக்கு வந்திருக்கிறது, பீடியும் சேர்ந்திருக்கிறது.

உறைந்த ரத்தம் கரையும்போது சிதறும் புரதத் துணுக்குதான் டி-டைமர். இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் சுவருக்குள் புகுந்து உறைந்தால் அது எகிறும். திடீர் நெஞ்சுவலியோடு வருபவருக்குக் கிழிசல் இருக்க வாய்ப்புக் குறைவு என்று மருத்துவர் கருதும்போது, அளவு மில்லிலிட்டருக்கு 500 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் நிம்மதியடையலாம். அவசரப் பிரிவில் அதன் பயன் அது. கூடியிருந்தாலோ ஒன்றும் உறுதியாகாது. நிமோனியா, புற்றுநோய், கர்ப்பம், ஏன், முதுமையிலும் கூடும். கொரோனா காலத்தில் இந்த எண்ணைப் பார்த்து எத்தனை வீடுகள் கலங்கின! கிழிசலை உறுதிசெய்வது சி.டி. ஆஞ்சியோகிராம்தான்.

அப்பாவுக்குத் தேட வேண்டியது கிழிசல் அல்ல, வீக்கம்; அதாவது, தமனி பலூன்போல் உப்புவது. அது பெரும்பாலும் வலியே இல்லாமல் வளரும். தமனிச் சுவரை அரிக்கும் எம்.எம்.பி. நொதிகள் போன்றவற்றை ரத்தத்தில் அளந்து ஆராய்ந்து வருகிறார்கள். அது பலிக்க வேண்டும் என்று நானும் மனதார விரும்புகிறேன். ஆனால் இன்றைக்கு ஸ்கேனுக்குப் பதிலாக நம்பக்கூடிய ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை.

காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிப்போங்கள். குடலில் வாயு நிறைந்திருந்தால் தமனி மறைந்துவிடும். கல்லீரல், சிறுநீரகம், பித்தப்பைக் கல் என்று மட்டும் பார்த்து அனுப்பிவிடக்கூடும். 'பெருந்தமனியையும் அளந்து எழுதுங்கள்' என்று கேட்டு வாங்குங்கள். குறுக்களவு சுமார் 2 செ.மீ. இருப்பது இயல்பு. 3 செ.மீ. ஆகிவிட்டால் வீக்கம். ஆண்களுக்கு 5.5 செ.மீ. எட்டினால் பொதுவாக அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவோம். இடைப்பட்ட அளவென்றால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி ஸ்கேன், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, பீடிக்கு முழுக்கு. பீடியை விட்டால் வீக்கம் வளரும் வேகம் குறையும். இதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள், மகள் சொன்னால் கேட்பார்.

திடீரென்று வயிறோ முதுகோ பிளப்பதுபோல் வலித்து, வியர்த்துத் தலைசுற்றினால், வாயுப்பிடிப்பு என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். 108-ஐ அழைத்து, நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். பெரியப்பாவுக்கு நேர்ந்ததை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.