முகம் திருப்பிக்கொள்ளும் பிள்ளை

அன்புள்ள அக்கா,

வணக்கம். என் பெயரை வெளியிட வேண்டாம். கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒன்றரை மாதமாகக் குழந்தைகள் மனநல வார்டில் போஸ்டிங். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

அங்கே எனக்கு வேலையே இல்லை என்று தோன்றுகிறது. மாத்திரையை டாக்டர் முடிவு செய்கிறார். ராத்திரி பகலாகச் சிஸ்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அம்மாவோ பாட்டியோ கூடவே இருக்கிறார்கள். நான் அறிவுத்திறன் சோதனை செய்து ரிப்போர்ட் எழுதுகிறேன். பிள்ளைகளைப் படம் வரையச் சொல்கிறேன், கூட விளையாடுகிறேன். "பொம்மை வச்சு விளையாடவா இவ்வளவு படிச்சே?" என்று அப்பா கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. 12 வயதுப் பெண் ஒருத்தி. அடிக்கடி மயங்கி விழுகிறாள் என்று சேர்த்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் என்னோடு பேசவே தொடங்கினாள். ஒருநாள், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். வீட்டுக்கு வந்துபோகும் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதைச் சொன்னாள். நான் என் கைடிடம் சொன்னேன். பிறகு அம்மாவிடம், போலீஸிடம் என்று எல்லாம் நடந்தது. அன்றிலிருந்து நான் போனாலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். எட்டு நாளாகிறது. நான் அவளுக்குச் செய்தது துரோகம்தானே?

இதே மாதிரி ஒரு வார்டில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் முதலில் எழுத நினைத்தேன். ஆனால் "எனக்கு அங்கே வேலையே இல்லை" என்ற நினைப்போடு அவள் கட்டிலுக்குப் போனீர்கள் என்றால் அவளிடமும் தடுமாறுவீர்கள். அதனால் அதை முதலில் பேசிவிடுவோம்.

நான் 11 வருடம் இப்படி ஒரு வார்டில் வேலை பார்த்தேன். இங்கே சொல்லும் பிள்ளைகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். 9 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஆட்டிசம், நாலைந்து சொல்தான் பேசுவான். தினமும் சாயங்காலம் சுவரில் தலையை மோதிக்கொள்வான், நெற்றி புடைத்துப்போகும் அளவுக்கு. மாத்திரையின் அளவை இரண்டு முறை கூட்டியாயிற்று. நான் அவனுக்கு எல்லாச் சோதனைகளும் செய்து பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்து, "அஞ்சு மணியானா அவங்கம்மா மூஞ்சி மாறிடுதும்மா. அதுக்கப்புறம்தான் இவன் ஆரம்பிக்கிறான்" என்றார்.

நாலு நாள் சாயங்காலம் அந்த அம்மாவின் பாயில் போய் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு ஃபோன் வரும். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கூப்பிடுவார். அந்த அம்மா ஃபோனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவார். கடன், போன கூலி, ஊரில் மாமியாரிடம் விட்டு வந்த கைக்குழந்தை என்று பேச்சு சண்டையில் முடியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார். பையன் அந்த முகத்தைப் பார்ப்பான். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்க அவனிடம் வார்த்தை இல்லை. தலை சுவருக்குப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தபோது மூவரையும் வைத்துப் பேசினேன். ஃபோன் வந்ததும் முதலில் அவன் காதில் வைத்து அப்பா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்த நேரத்தில் அவன் அம்மாவோடு போய்த் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வர வேண்டும். பணப் பேச்சு அவன் தூங்கிய பிறகு. அவ்வளவுதான் திட்டம். தினமும் நடந்தது வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவையாகக் குறைந்தது. கூட்டிய மாத்திரையை டாக்டர் மெல்லக் குறைத்தார். முழுக்க நின்றுவிடவில்லை. ஆனால் எப்போது வரும், ஏன் வரும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்குப் போகும்போது அந்த வார்டிலிருந்து அவர் எடுத்துப்போனதில் பெரியது அதுதான்.

நடத்தைக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று எழுதிப் பார்க்கும் முறையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதை அறைக்குள் உட்கார்ந்து அம்மாவிடம் கேட்டு நிரப்ப முடியாது. தன் முகம் மாறுவது எந்த அம்மாவுக்கும் தெரியாது. வெளிநோயாளிப் பிரிவில் ஒரு மணி நேரக் கதைதான் நம் கைக்கு வரும். வார்டில் பிள்ளை சாப்பிடுவது, தூங்குவது, அடம்பிடிப்பது, அம்மாவிடம் ஒட்டுவது, வெட்டுவது எல்லாமே நம் கண்முன்னால் நடக்கிறது. அதைப் பார்ப்பதுதான் உங்கள் வேலை. ரவுண்ட்ஸ் முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள்.

ஆயாம்மா சொல்லிக் கற்றேன் என்பதில் எனக்கு வெட்கமில்லை. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற பெயரைப் படித்திருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குழந்தை உளப்பகுப்பாய்வாளர் ஆனா ஃப்ராய்ட் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சமையல் செய்கிறவரோ அடுப்பெரிக்கிறவரோ, யாராக இருந்தாலும் பிள்ளைகளிடம் கண்டதைச் சிறு அட்டையில் எழுதித் தர வேண்டும். அப்படிப் பார்க்கப் பழகியவர்தான் பிறகு ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவரோடு சேர்ந்து, ஆஸ்பத்திரியில் தனியாக விடப்பட்ட சின்னப் பிள்ளைகளைக் கவனிக்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அங்கே பெற்றோரை எப்போதாவதுதான் உள்ளே விடுவார்கள். அம்மா வந்துபோனால் பிள்ளை அழும், வராவிட்டால் சமர்த்தாக இருக்கும், அதனால் வராமலிருப்பதே நல்லது என்பது வார்டுகளின் நம்பிக்கை. 1952-இல் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஆஸ்பத்திரியில் கழித்த நாட்களை ராபர்ட்சன் படம்பிடித்துக் காட்டினார். பார்த்த மருத்துவர்கள் பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு 1959-இல், பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க விட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் ஊரில் இந்தச் சண்டை வேண்டியிருக்கவில்லை. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் வளாகத்திலேயே கூடாரம் போட்டு நோயாளிகளின் குடும்பத்தைத் தங்கவைத்தார். 1957-இல் தொடங்கிய வேலூர் பாகாயம் மனநல மையத்திலும் குடும்பம் கூடவே தங்குவது வழக்கமாயிற்று. இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே அப்படிச் சொல்கிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை உள்நோயாளியாகச் சேர்த்தால், பொறுப்பாளரோ அவர் சார்பில் ஒருவரோ எல்லா நாளும் கூடவே இருக்க வேண்டும். பெரியவர்கள் வார்டில் போடக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 30 நாளைத் தாண்டினால் வாரியம் மறுபடி ஆராய வேண்டும். யாரையும் தனியறையில் பூட்டிவைக்கக் கூடாது.

அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதும் இதே சட்டத்தில், 87-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு பிள்ளையைச் சேர்க்கும்முன் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து, சேர்க்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர். மற்றவர் முறையாகப் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகவும் இருக்கலாம். வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று நீங்கள் எழுதினால் அதற்கு எடை உண்டு. இதை அப்பாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இனி அந்தப் பெண்.

பிரிவைத் தாங்கும் பிள்ளைகளிடம் ராபர்ட்சன் மூன்று நிலைகளைக் கண்டார். முதலில் கத்திக் கூப்பாடு போட்டு எதிர்ப்பது. பிறகு சோர்ந்து ஒடுங்குவது. கடைசியில் யாரும் வேண்டாம் என்று விட்டுவிடுவது. இந்த மூன்றாவது நிலையில் பிள்ளை சிரிக்கும், சாப்பிடும், எல்லோரிடமும் போகும். வார்டு அதைத்தான் "செட்டில் ஆயிட்டான்" என்று சொல்லும்.

நானும் சொல்லியிருக்கிறேன். உங்கள் பெண்ணைப் போலவே மயங்கி விழும் 13 வயதுப் பெண் ஒருத்தி எங்களிடம் வந்தாள். ஊரில் கோயிலுக்குக் கூட்டிப்போய், மந்திரித்து, பிறகு வலிப்பு என்று மாத்திரை கொடுத்து, மூளை அலைப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றானதும் எங்களிடம் அனுப்பினார்கள். மூன்றாம் நாளே மயக்கம் நின்றது. எல்லோருக்கும் "குட் மார்னிங்" சொன்னாள். சின்னப் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டாள். நான் கேஸ் ஷீட்டில் "நல்ல முன்னேற்றம்" என்று எழுதினேன். 12-ஆம் நாள் டிஸ்சார்ஜ். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தாள், இந்த முறை கையில் கீறல்களோடு. அவள் எதற்குத் திரும்பிப் போகிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டிருக்கவில்லை. விடுதியில் அவளைப் படுத்திக்கொண்டிருந்த மூன்று பெண்களைப் பற்றி, இரண்டாவது முறை வந்தபோது, 20 நாள் போன பிறகுதான் சொன்னாள். முதல் தடவை அவள் எங்களுக்குத் தொந்தரவு தராத பிள்ளை, அதனால் நான் அவளிடம் அதிகம் உட்காரவே இல்லை. இன்றைக்கும் இதை எழுதும்போது மனசு பிசைகிறது.

உங்கள் பெண் அப்படியில்லை, எஸ். நீங்கள் வரும்போது பார்த்துத்தான் திரும்பிப் படுக்கிறாள். அது கோபம். உங்களிடம் எதிர்பார்த்தது இன்னும் அவளுக்குள் இருக்கிறது, அதனால்தான் முறைத்துக்கொள்கிறாள். அவள் உங்களைப் பார்த்துச் சிரித்து "குட் மார்னிங்" சொல்லியிருந்தால் எனக்குக் கவலையாக இருந்திருக்கும்.

நீங்கள் கைடிடம் சொன்னது துரோகமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் தந்தே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. நம்மைப் போன்றவர்களுக்கு அதில் விலக்கு இல்லை. சட்டத்தை விடுங்கள், அந்த ஆள் வந்துபோகும் வீட்டுக்கு அவளை எப்படித் திருப்பி அனுப்புவீர்கள்? சொன்னது சரி. சத்தியம் பண்ணியதுதான் தப்பு. அதைத் தப்பு என்றே சொல்கிறேன், ஏனென்றால் அவளும் அதைத்தான் தப்பு என்று நினைக்கிறாள், அவள் நினைப்பது நியாயம்.

எந்தப் பிள்ளையிடமும் முதல் நாளே, அது எதுவும் சொல்லத் தொடங்கும் முன்னால், நான் இப்படிச் சொல்வேன்: "நீ சொல்றது நமக்குள்ளதான். ஆனா யாராவது உன்னைக் கஷ்டப்படுத்தினாலோ, நீயே உனக்கு ஏதாவது பண்ணிக்கப் போறேன்னு தெரிஞ்சாலோ, அதை மட்டும் நான் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்லப் போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இதைக் கேட்டுச் சில பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும். ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். ஆனால் சொல்லும்போது, என்ன நடக்கும் என்று தெரிந்தே சொல்லும்.

இப்போது போய் மன்னிப்புக் கேளுங்கள். சொன்னதற்காகக் கேட்காதீர்கள், சத்தியம் பண்ணியதற்காகக் கேளுங்கள். "சொல்லாம இருக்க என்னால முடியாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியாம சத்தியம் பண்ணிட்டேன். உன்கிட்ட சொல்லாமலே போய்ச் சொன்னேன். அது என் தப்பு." இவ்வளவு போதும். விளக்கம் வேண்டாம், உன் நல்லதுக்குத்தான் என்ற வார்த்தை அறவே வேண்டாம். அதை அவளிடம் பெரியவர்கள் நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகு தினமும் ஒரே நேரத்துக்குப் போங்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்திருங்கள். அவள் பேச வேண்டியதில்லை. நாளைக்கு இதே நேரம் வருவேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள், அதே நேரம் போங்கள்.

அவள் அம்மாவையும் பாருங்கள். அந்தப் பெண்மணி இப்போது எந்த நிலையில் இருப்பார் என்று யோசியுங்கள். வீட்டுக்குள் விட்டவர் யார் என்ற பேச்சு அவர் தலையில்தான் விழுந்திருக்கும். மகள் பக்கத்தில் பாயில் படுத்து ராத்திரி முழுக்கக் கண் விழித்திருப்பார். சாப்பிட்டாரா என்று கேளுங்கள். மகள் தூங்கும் நேரத்தில் வெளியே கூட்டிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேச விடுங்கள். அவர் மகளிடம் "ஏண்டி முன்னாடியே சொல்லல?" என்று கேட்காமல் இருக்க யாராவது அவரைத் தாங்க வேண்டும்.

வேலைக்குப் போகலாமா என்றால், சேரும் முன் அந்த வார்டை நேரில் போய்ப் பாருங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதைப் பேசித் தீர்க்க முடியாது. ஒரு பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொண்ட நாளில் உங்களோடு உட்கார்ந்து பேச மூத்தவர் ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் போகாதீர்கள், இதை நான் உறுதியாகச் சொல்கிறேன். அப்படி யாரும் இல்லாத வருடங்களில் நான் வீட்டில் யாரிடமும் பேசாமல் முடங்கிப்போனேன்.

உங்கள் போஸ்டிங் முடிய இரண்டு வாரம் இருக்கிறது என்கிறீர்கள். கடைசி நாள் எது என்று அவளுக்குத் தெரியுமா? பெரும்பாலும் நாம் சொல்வதில்லை. பிள்ளை அழும் என்று பயந்து முந்தின நாள் சொல்வோம், அல்லது சொல்லாமலே நழுவிவிடுவோம். நாளைக்கே ஒரு காலண்டர் தாளைக் கொண்டுபோய் அந்தத் தேதியில் வட்டம் போட்டு அவள் கட்டிலோரம் ஒட்டுங்கள். அதற்குப் பிறகு யார் வருவார்கள் என்று பெயரோடு சொல்லுங்கள், முடிந்தால் அவரையும் கூட்டிப்போங்கள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாலும் சொல்லுங்கள். காது திறந்துதான் இருக்கும்.

அன்புடன்,
அக்கா